கல், ஓலை, பிரதி எடுப்பவன்

1

கன்னியாகுமரிக் கடலில் நிற்கும் திருவள்ளுவர் சிலைக்குச் சில வருஷங்களுக்கு ஒருமுறை வைத்தியம் நடக்கிறது. சாரம் கட்டுகிறார்கள். கல்லின் மேல் படிந்த உப்பை நல்ல தண்ணீரால் கழுவுகிறார்கள். பிறகு காகிதக் கூழை உடம்பு முழுக்க அப்புகிறார்கள். கல்லின் நுண்துளைகளுக்குள் இறங்கிய உப்பைக் கூழ் உறிஞ்சிக்கொண்டு காய்கிறது. அதை உரித்தெடுத்துவிட்டு ரசாயனம் பூசுகிறார்கள். 2000 ஜனவரி 1 அன்று திறக்கப்பட்ட சிலை அது. பீடத்தோடு சேர்த்து 133 அடி. சாஸ்வதத்துக்கு என்று கல்லைத் தேர்ந்தெடுத்தோம். அந்தக் கல்லைக் காப்பாற்ற, நனைந்தால் கிழிந்துபோகும் காகிதத்தைத்தான் கூப்பிட வேண்டியிருக்கிறது.

இதில் இன்னொரு பரிகாசமும் அடங்கியிருக்கிறது. இந்த மனிதர் நம்மிடம் வந்து சேர்வதற்குக் கல் ஒரு உதவியும் செய்யவில்லை. 1330 குறளும் பனையோலையில் வந்தன. நம் சீதோஷ்ணத்தில் ஒரு ஏட்டுக்கு ஆயுசு இருநூறு வருஷம், நன்றாகப் பேணினால் முந்நூறு. கரையான், ராமபாணம், ஈரம், அடுப்புப் புகை, எலி, வாரிசுகள் என்று அதற்குச் சத்துருக்கள் அதிகம். 1812-இல் குறள் சென்னையில் முதன்முதலாக அச்சேறும்வரை, அதை உயிரோடு வைத்திருந்தது இப்படி நோஞ்சானான ஒரு சரக்குதான். அப்படியானால் அந்த நூல் அடியோடு பலமுறை அழிந்திருக்கிறது. அழிவதற்கு முன்பாக ஒவ்வொரு முறையும் யாரோ ஒருவன் உட்கார்ந்து அதை வேறு ஓலையில் எழுதிவிட்டிருக்கிறான். அவன் பெயர் நமக்குத் தெரியாது. அவனுக்குச் சிலை கிடையாது.

எழுதி வைப்பதற்கு உகந்த பொருள் எது என்ற கேள்வி கருவிகள் பற்றிய கேள்வியைப்போலத் தோன்றுகிறது. நான் அதை அறம் பற்றிய கேள்வி என்றே நினைக்கிறேன். எது நிலைக்கும் என்று கேட்கிறவன், நிலைக்கச் செய்யும் வேலை யாருடையது என்பதைக் கேட்காமல் தப்பித்துக்கொள்கிறான். அந்த இரண்டாவது கேள்வியை நோக்கிப் போக, முதல் கேள்வியின் வழியாகவே போகலாம். வழியில் கொஞ்சம் சிரிப்பும் கிடைக்கும்.

2

பட்டிமன்றம் நமக்குப் பிடித்த வடிவம் என்பதால், வாதிகளை வரிசையாகக் கூப்பிடலாம்.

களிமண் மூத்தவர், முதலில் பேசுகிறார். 'எல்லோரும் தீக்குப் பயப்படுகிறீர்கள். எனக்குத் தீ சிநேகிதன். கி.மு. 612-இல் நினிவே நகரம் விழுந்தபோது அசுர்பானிபால் சேர்த்து வைத்த நூலகமும் எரிந்தது. பச்சையாக இருந்த பலகைகள் அந்தத் தீயில் வெந்து செங்கல்லாயின. என்னை அழிக்க வந்தவன் என்னைச் சுட்டு வைத்துவிட்டுப் போனான்.' மறுக்க முடியாத வாதம். அங்கே கிடைத்த ஏறத்தாழ முப்பதாயிரம் பலகைகளும் துண்டுகளும் இன்று பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கின்றன. உலகத்தின் பழைய வெள்ளக் கதை ஒன்றை அவற்றின் நடுவிலிருந்துதான் 1872-இல் ஜார்ஜ் ஸ்மித் படித்துச் சொன்னார்.

ஆனால் களிமண்ணுக்குத் தராதரம் கிடையாது. அதே மியூசியத்தில் ஊர் என்ற நகரத்திலிருந்து வந்த ஒரு பலகையும் இருக்கிறது. காலம் சுமார் கி.மு. 1750. நன்னி என்பவன் எயா நாசிர் என்ற செம்பு வியாபாரிக்கு எழுதிய புகார் அது. சொன்ன தரத்தில் செம்பு தரவில்லை, பணம் வாங்கிக்கொண்டான், அனுப்பிய ஆளை மரியாதையில்லாமல் நடத்தினான் என்பதே விஷயம். கௌண்டருக்கு இந்தப்புறம் உட்கார்ந்து பிழைக்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: மூவாயிரத்து எழுநூறு வருஷங்களில் புகார் மனுவின் நடை துளியும் மாறவில்லை. மன்னர்கள் எத்தனையோ பேர் பெயர் இல்லாமல் போயிருக்க, மட்டமான செம்பு விற்றவன் பெயர் நிலைத்துவிட்டது.

அடுத்தவர் பாப்பிரஸ். நைல் நதிக்கரைக் கோரை. இவருக்கும் ஆட்டுத்தோலுக்கும் பழைய பகை. பெர்கமம் நகரத்து மன்னன் பெரிய நூலகம் கட்டுவதைப் பார்த்துப் பொறாமைப்பட்ட எகிப்து மன்னன் பாப்பிரஸ் ஏற்றுமதியைத் தடை செய்தான் என்றும், பெர்கமத்துக்காரர்கள் அதற்குப் பதிலாகத் தோலைப் பதப்படுத்தி எழுதக் கற்றார்கள் என்றும் பிளினி சொல்கிறார். தோலில் எழுதுவது அதற்கு முன்பே உண்டு என்பது சரித்திரக்காரர்களின் திருத்தம். கதை பொய்யானாலும் உண்மையான ஒரு பயத்தைச் சொல்கிறது. எழுதும் பொருள் யார் கையில் இருக்கிறதோ அவன் கையில் மற்றவனின் ஞாபகமும் இருக்கிறது.

பாப்பிரஸ் வறண்ட மணலில் மட்டும் வாழும். அப்படி வாழ்ந்த ஒன்று நமக்குப் பக்கத்து விஷயத்தைப் பேசுகிறது. முசிறித் துறைமுகத்தின் பெயர் சொல்லும் கி.பி. இரண்டாம் நூற்றாண்டுக் கடன் ஒப்பந்தம் அது. இன்று வியன்னாவில் இருக்கிறது. பின்பக்கத்தில் ஹெர்மபோலன் என்ற கப்பலில் வந்த சரக்கின் கணக்கு. தந்தம், வாசனைத் திரவியம், சுங்கத்துக்கான மதிப்பு எல்லாம் பைசா சுத்தமாக எழுதப்பட்டிருக்கின்றன. சரக்கை ஏற்றிவிட்ட கரையிலும் யாரோ கணக்கு எழுதியிருப்பார்கள். அவர்கள் எதில் எழுதியிருந்தாலும் மேற்குக் கரையின் மழை அதைத் தின்றுவிட்டது. கடன் கொடுத்த தரப்பின் தாள் மட்டும் எஞ்சுவது வங்கித் தொழிலின் ஆதி தர்மம் என்று யாராவது சொன்னால் ஆட்சேபிக்க மாட்டேன்.

மூன்றாவது செம்பு. எங்கள் பகுதியிலிருந்தே சாட்சி உண்டு. விளவங்கோடு பக்கம் பார்த்திவசேகரபுரத்தில் ஆய் மன்னன் கருநந்தடக்கன் கி.பி. 866-இல் விஷ்ணு கோயில் கட்டி, காந்தளூரை மாதிரியாக வைத்து 95 சட்டர்கள் படிக்க ஒரு சாலையும் நிறுவினான். ஹுசூர் அலுவலகச் செப்பேடுகள் என்று பெயர் பெற்ற பட்டயங்கள் இதைச் சொல்கின்றன. இடத்துக்குச் சொந்தக்காரர்களான முஞ்சிறைச் சபையாரிடமிருந்து நிலம் பெற்றது முதல், சட்டர்கள் தங்களுக்குள் சண்டை போட்டால் என்ன தண்டனை என்பது வரை அதில் உண்டு. கலியுக நாட்கணக்கும் உண்டு: 1449087-ஆவது நாள். இவ்வளவு துல்லியமாகத் தேதி போட்ட ஒரு வவுச்சரை நான் பார்த்ததில்லை. ஆனால் செம்பின் எதிரி செம்பின் விலை. பட்டயத்தைப் படிக்கத் தெரியாதவனுக்கும் அது எத்தனை பாத்திரம் ஆகும் என்று கணக்குப் போடத் தெரியும்.

கல் அதிகம் பேசாது, சபிக்கும். இந்தத் தர்மத்தை அழித்தவன் கங்கைக் கரையில் காராம்பசுவைக் கொன்ற பாவத்தில் போவான் என்று கல்வெட்டின் கடைசியில் பூட்டுப் போட்டிருப்பார்கள். தன் உறுதியில் கல்லுக்கே முழு நம்பிக்கை இல்லை என்பதைத்தான் இந்தச் சாபம் காட்டுகிறது. திருப்பணியில் கல்லைப் புரட்டி வைத்துக் கட்டுகிறவனும், மணலைப் பீய்ச்சிச் சுவரைச் சுத்தம் செய்கிறவனும் சாபத்தைப் படிப்பதில்லை. சிதறால் மலையில் ஒன்பதாம் நூற்றாண்டில் குணந்தாங்கிக் குரத்தி என்ற சமணத் துறவி, பகவதிக்குப் பொன்னணி கொடுத்த செய்தி கல்லில் இருக்கிறது. பொன் போய்விட்டது. சமணமும் மலையை விட்டு இறங்கிவிட்டது. எழுத்து மட்டும் வந்தவர்களைப் பார்த்துக்கொண்டு இருக்கிறது. கல் வாசகனிடம் போகாது. வாசகன்தான் மலையேறி வர வேண்டும்.

பானை ஓட்டை யாரும் அழைக்கவில்லை. அது தானாகவே வருகிறது. செங்கடல் கரையில், எகிப்தில், குசெய்ர் அல்-காதிம் என்ற பழைய துறைமுகத்தில் கிடைத்த ஒரு ஓட்டில் தமிழ் பிராமி எழுத்தில் 'பானை ஒறி' என்று எழுதியிருப்பதை ஐராவதம் மகாதேவன் படித்தார். ஒறி என்றால் உறி. அடுக்களையில் தொங்குமே, அதேதான். பாப்பிரஸின் சொந்த நாட்டில், கீழே விழுந்தால் உடையும் ஒரு சட்டியில், நம் மொழியின் ஒரு வீட்டுச் சொல் இரண்டாயிரம் வருஷம் காத்திருந்திருக்கிறது. உறியில் வைத்த வெண்ணெய்க்கே பத்திரம் கிடையாது என்பார்கள். உறி என்ற சொல்லுக்குக் கிடைத்த பத்திரம் எந்தப் பேரரசனுக்கும் கிடைக்கவில்லை.

கடைசியில் ஓலை. அதற்குத் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை.

3

இந்தப் போட்டியில் யார் ஜெயித்தது என்று தீர்ப்புச் சொல்வதற்கு முன், ஒவ்வொன்றும் எதைக் காப்பாற்றியது என்று பார்க்க வேண்டும். கல்லும் செம்பும், அதிகாரம் உள்ளவன் எது நிலைக்க வேண்டும் என்று விரும்பினானோ அதை வைத்திருக்கின்றன. தானம், எல்லை, வரிவிலக்கு, வெற்றி. களிமண்ணும் பானை ஓடும் குப்பைமேட்டுப் பாப்பிரஸும், யாரும் விரும்பாததையும் வைத்திருக்கின்றன. அவற்றில் விருப்பத்துக்கு இடமில்லை, விபத்துக்குத்தான் இடம். ஓலை மட்டும் மூன்றாவது வகை. அது வைத்திருந்தது, தலைமுறை தலைமுறையாக யாரோ திரும்பத் திரும்ப விரும்பியதை.

ஓலையில் ஒரு பிரதி எடுப்பது எவ்வளவு வேலை என்பதை நாம் மறந்துவிட்டோம். முற்றாத குருத்தாகவும் இல்லாமல் காய்ந்த சாரையாகவும் இல்லாமல் நடுத்தரமான ஓலையைப் பார்த்து மரமேறி வெட்ட வேண்டும். ஈர்க்கு நீக்கி, வேகவைத்து, நிழலில் உலர்த்தி, மழமழப்பாகத் தேய்த்து, ஒரே அளவில் நறுக்கி, துளையிட்டு, கயிறு கோத்துச் சுவடியாக்க வேண்டும். எழுத்தாணி மேல்தோலைக் கீறலாம், ஓலையைக் கிழிக்கக் கூடாது. எழுதி முடித்தபின் கரியும் இலைச்சாறும் பூசித் துடைத்தால்தான் எழுத்து கண்ணுக்குத் தெரியும். இத்தனையும் செய்து முடித்தாலும், ஓலை கிழியும் என்ற பயத்தில் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைப்பதில்லை. எகரமா ஏகாரமா, ஒகரமா ஓகாரமா, காலா ரகரமா என்பதைப் படிக்கிறவன்தான் தீர்மானித்துக்கொள்ள வேண்டும்.

அதனால் பிரதி எடுப்பவன் யந்திரமாக இருக்கவே முடியாது. ஒவ்வொரு சொல்லிலும் அவன் புரிந்துகொள்ள வேண்டும், அல்லது புரியாததை உணர்ந்து அப்படியே வைக்க வேண்டும். தப்பும் செய்தான். பாடபேதங்கள் என்று நாம் சொல்வது அவன் கவனமும் அசதியும் விட்ட தடயங்கள். ஆனால் முக்கியமான விஷயம் இது: கல்வெட்டு ஒருமுறை யோசித்துவிட்டு ஆயிரம் வருஷம் யோசிக்காமல் இருக்க நமக்கு அனுமதி தருகிறது. ஓலை அந்த அனுமதியைத் தருவதில்லை. ஒவ்வொரு சில தலைமுறைக்கும் அது வந்து நிற்கிறது. 'நான் போகப் போகிறேன். இதிலே இருப்பது உனக்கு இன்னும் வேண்டுமா?'

வேண்டும் என்று சொன்னவர்களின் தொடர்ச்சிக்குத்தான் நாம் இலக்கிய மரபு என்று பெயர் வைத்திருக்கிறோம். மரபு என்ற சொல்லை ஏதோ பாட்டன் சொத்தைப்போல உச்சரிக்கிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை. அது சொத்தாகக் கை மாறவில்லை; ஒவ்வொரு தலைமுறையும் கூலி கொடுத்து மறுபடி வாங்கியது. ஓலையின் பலவீனம்தான் அதன் பலம் என்று சொல்லலாம்.

இங்கே ஒரு கணக்கை மறைக்கக் கூடாது. அந்தக் கூலியில் பெரும்பகுதியைக் கொடுத்தவன் மரமேறி. எங்கள் மாவட்டத்தில் பனையும் பனையேறியும் இல்லாமல் ஒரு கருப்பட்டி உண்டா, ஓலைப்பெட்டி உண்டா, கஞ்சி குடிக்கப் பட்டை உண்டா? ஏடும் அவன் உயிரைப் பணயம் வைத்து இறக்கியதுதான். ஓலையை இறக்கியவன் வீட்டுக்கு எழுத்து பல நூற்றாண்டுகள் போகவில்லை. போகக் கூடாது என்பதே ஏற்பாடு. தமிழ் இலக்கியத்தின் நன்றியுரைகளில் இந்த வரி இன்றுவரை சேர்க்கப்படவில்லை.

4

ஓலைக்குச் சாதகமாக நான் பேசுவதைக் கேட்டு, ஆடிப்பெருக்கில் ஏடுகளை ஆற்றில் விட்டார்களே, அது என்ன பக்தி என்று யாரும் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். உ.வே. சாமிநாதையர் சுவடி தேடி அலைந்த காலத்தில் திரும்பத் திரும்ப எதிர்கொண்ட பதில் இது. கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் பாண்டியன் சேர்த்து வைத்த ஏடுகளைக் கேட்டுப் போன அவருக்கு, அவற்றை ஹோமத்தீயில் இட்டுவிட்டோம் என்று சொன்னார்கள். நெய்யில் தோய்த்து, முறைப்படி இட்டிருக்கிறார்கள்.

இதை மூடத்தனம் என்று ஒதுக்கிவிடுவது சுலபம். எனக்கு வேறொரு ஊகம் இருக்கிறது. பழைய ஏட்டை நீரிலோ நெருப்பிலோ இடுவது ஒரு இரட்டைக் காரியத்தின் பின்பாதி. முன்பாதி, அதைப் புதிய ஓலையில் எழுதி முடிப்பது. பிரதி எடுத்தபின் பழைய உடலை மரியாதையோடு அனுப்பி வைப்பது நியாயமான சடங்கு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் முன்பாதி நின்றுபோயிற்று. ஏடெழுதுகிறவனுக்குக் கூலியில்லை, திண்ணைப் பள்ளிக்கூடம் போயிற்று, அச்சு வந்தது. பின்பாதி மட்டும் சிரத்தையாகத் தொடர்ந்தது. மரபு செத்துப்போவது என்றால் இப்படித்தான். வேலை நின்றுவிடும், சடங்கு நிற்காது. ஆற்றில் ஏட்டை விட்டவர்களுக்குப் பக்தி குறையவில்லை. அவர்கள் பிரதி எடுப்பதை விட்டுவிட்டார்கள், அவ்வளவுதான்.

பிரதிகள் பல இடங்களில் இருப்பது ஒரு பிரதி உறுதியாக இருப்பதைவிட மேல் என்பதற்கும் அவர் அனுபவமே சாட்சி. 1889-இல் பத்துப்பாட்டைப் பதிப்பித்தபோது குறிஞ்சிப்பாட்டில் பூக்களின் வரிசை வரும் இடம் அவர் கையிலிருந்த ஏடுகளில் சிதைந்திருந்தது. தருமபுர ஆதீனத்து ஏட்டில் அந்தப் பூக்கள் இருந்தன. ஒரு மடத்தில் உதிர்ந்தது இன்னொரு மடத்தில் உதிரவில்லை. கல்லில் இந்த வசதி கிடையாது. கல்லில் ஒரு பூ உதிர்ந்தால் உதிர்ந்ததுதான்.

இதன் எதிர்ப்பக்கத்தை 1981 ஜூன் 1-இல் யாழ்ப்பாணத்தில் பார்த்தோம். பொது நூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் எரிந்தன. தீ வைத்தவர்களுக்கு நினிவேயில் தீ வைத்தவர்களைப் போலத் தெரியாமல் உதவி செய்யும் பாக்கியம் இல்லை. ஓலையும் காகிதமும் வேகாது, சாம்பலாகும். அன்று எரிந்தவற்றில் வேறெங்காவது பிரதி இருந்தவை இன்றும் இருக்கின்றன. ஒற்றைப் பிரதியாக இருந்தவை இல்லை. அங்கே நடந்தது அநியாயம் என்று கூட்டம் போட்டவர்கள் எத்தனையோ பேர். ஈழத்து எழுத்துகளைத் தேடித்தேடி வருடியெடுத்து 2005 முதல் இணையத்தில் சேர்த்துவரும் நூலகம் திட்டத்துக்காரர்கள்தான், என் பார்வையில், அந்தத் தீக்குச் சரியான பதிலைச் சொன்னவர்கள். தீக்குப் பதில் கண்டனம் அல்ல, பிரதி.

5

இதுவரை சொன்னதில் ஒரு வசதி இருக்கிறது. விரும்பியதைப் பிரதி எடுத்தார்கள், அதனால் வாழ்ந்தது என்று முடித்துவிட்டால் எல்லோருக்கும் மனசு குளிரும். யாரும் விரும்பாததை என்ன செய்வது?

அழகியபாண்டிபுரம் பெரியவீட்டு முதலியார் குடும்பம் நாஞ்சில் நாட்டில் அதிகாரம் செலுத்திய குடும்பம். அவர்கள் வீட்டில் தங்கிய ஓலைகளை முதலியார் ஓலைகள் என்கிறோம். கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை அவற்றின் முக்கியத்துவத்தை உணர்ந்து ஆராய்ந்தவர். பின்னால் அ.கா. பெருமாள் அவற்றைத் தொகுத்து நூலாக்கினார். இவை கவிதை ஓலைகள் அல்ல. நிலம், வரி, தண்ணீர், வழக்கு, ஊர்க்கூட்டம் என்று கொல்லம் ஆண்டுத் தேதி போட்ட விவகாரங்கள். இவற்றின் நடுவில் மனிதர்களை விற்ற ஓலைகளும் இருக்கின்றன. இன்னாரை இன்னாருக்கு, இன்ன விலைக்கு. திருவிதாங்கூரில் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது 1855-இல். அதற்கு முன் அது சாதாரணக் கிரயம். நிலத்துக்கு எழுதுவதுபோலவே ஆளுக்கும் எழுதினார்கள்.

இந்த ஓலைகள் ஏன் தங்கின? யாரும் நேசித்துப் பிரதி எடுத்ததால் அல்ல. முதலில் அவை சொத்துக்கு ஆதாரம்; வாங்கியவன் பத்திரமாக வைப்பான். பிறகு சட்டம் மாறி ஆதாரம் செல்லாக்காசாயிற்று. அதன்பின் மறதி அவற்றைக் காப்பாற்றியது. மச்சில் கிடந்ததை யாரும் எடுத்துப் பார்க்காததால் யாருக்கும் கூசவில்லை, கூசாததால் எரிக்கவில்லை.

இதைப் பற்றி எனக்கு அமைதியாக யோசிக்க முடிவதில்லை. அந்த மனிதன் பிறந்தான், உழைத்தான், செத்தான். அவனைப் பற்றி உலகத்தில் உள்ள ஒரே எழுத்து, இன்னொருவன் கணக்கில் அவன் ஒரு இனம் என்பதே. பேரேடுகளில் வேலை செய்கிறவனுக்கு இதன் கொடூரம் சீக்கிரமே உறைக்கும். கணக்கில் பெயர் வந்தால் மனிதனாகிவிட்டான் என்று நினைக்கிறோம். அவனுக்கோ விலை இருந்ததால்தான் பெயர் வந்தது. விலை இல்லாதிருந்தால் பெயரும் இருந்திருக்காது.

சுயவிருப்பத்துக்கு விட்டால் இந்த ஓலையை யார் பிரதி எடுப்பான்? வாங்கியவன் வம்சத்துக்கு அது அவமானம். விற்கப்பட்டவன் வம்சத்துக்கு அது ரணம். பண்டிதனுக்கு அதில் அணி இல்லை, யாப்பு இல்லை. ஆக ஓலையின் தேர்தலில் இந்த ஓலைக்கு ஒரு வாக்கும் விழாது. ஓலை மரபை நான் மேலே எவ்வளவு புகழ்ந்தேனோ அவ்வளவுக்கு அதன் குறையும் இங்கே வெளிப்படுகிறது. நேசம் காப்பாற்றுவது அழகை. உண்மையைக் காப்பாற்ற நேசம் போதாது. நம்முடைய பெருமைகள் எல்லாம் நேசத்தின் வழியாக வந்து சேர்ந்தன. நம்முடைய குற்றங்கள் வந்து சேர்வதற்கு அசிரத்தையை நம்ப வேண்டியிருக்கிறது. எயா நாசிரின் மட்டச் செம்பு தெரியவந்ததும் அப்படித்தான். செம்பு விஷயத்தில் சிரிக்க முடிகிறது. ஆளை விற்ற விஷயத்தில் முடியவில்லை.

எரித்துவிடலாமே என்ற கட்சியும் உண்டு. அது முழுக்கக் கயமையானதும் அல்ல. பாட்டனின் விலையைப் பேரன் ஏன் படிக்க வேண்டும் என்று கேட்கிறவனிடம் சரித்திர ஆர்வத்தைப் பற்றி உபதேசிக்க எனக்கு வாய் வராது. ஆனால் எரித்தபின் நடப்பது என்ன என்று தெரியும். இரண்டு தலைமுறையில், எங்கள் ஊரில் அப்படியெல்லாம் கிடையாது, எல்லோரும் அண்ணன் தம்பியாகத்தான் பழகினோம் என்று ஒருவர் மேடையில் சொல்வார். மறுக்க ஒரு ஓலை இருக்காது. ரணத்தை மறைத்த காரியம் வாங்கியவன் வம்சத்துக்கு லாபமாக முடியும்.

ஆகவே நேசத்தோடு இன்னொன்றையும் சேர்க்க வேண்டியிருக்கிறது. அதைக் கடன் என்று சொல்ல விரும்புகிறேன். எதைப் பிரதி எடுக்க நமக்குக் கை கூசுகிறதோ அதைப் பிரதி எடுப்பது நம் கடன். அதிலும் கூச வேண்டியவனுடைய கடன். காயம்பட்டவன் தலையில் அதையும் ஏற்றக் கூடாது.

6

இந்தக் காலத்தில் இதெல்லாம் எதற்கு, எல்லாம்தான் கம்ப்யூட்டரில் ஏறிவிடுகிறதே என்று ஒரு நம்பிக்கை பரவியிருக்கிறது. வங்கியில் இருப்பதால் இந்த நம்பிக்கையின் உள்பக்கம் எனக்குக் கொஞ்சம் பரிச்சயம்.

வங்கி எதையும் மறக்காது என்று வாடிக்கையாளர் நினைக்கிறார். மறப்பதற்கு எங்களுக்குச் சட்டமே உண்டு. ஆவணங்களைப் பாதுகாக்கும் காலம் பற்றிய 1985-ஆம் வருஷத்து விதிகள் சிலவற்றுக்கு ஐந்து வருஷம், சிலவற்றுக்கு எட்டு வருஷம் என்று குறைந்தபட்ச கெடு வைத்திருக்கின்றன. கெடு தாண்டியதை வைத்திருக்க யாருக்கும் நிர்ப்பந்தமில்லை. இது தப்பு என்று சொல்லவில்லை. ஸ்தாபனம் எதற்காக ஞாபகம் வைக்கிறது என்பதைக் கவனிக்கிறேன். வழக்கு வரலாம் என்ற பயம் இருக்கும்வரை ஞாபகம் இருக்கும். பயம் தீர்ந்தால் ஞாபகத்துக்குச் செலவு செய்ய மாட்டார்கள்.

சர்வரில் இருப்பது கல்லில் வெட்டியதைப்போல என்ற எண்ணம் தலைகீழானது. அது ஓலையிலும் ஓலை. ஓலைக்கு இருநூறு வருஷம் என்றால் ஹார்டு டிஸ்க்குக்குச் சில வருஷங்கள். ஃபிளாப்பியை இன்று எதில் போட்டுப் படிப்பது? 1086-இல் இங்கிலாந்தில் நிலத்தையும் குடியையும் கணக்கெடுத்துத் தோலில் எழுதிய டோம்ஸ்டே புத்தகத்தை இன்றும் திறந்து படிக்கலாம். அதன் தொள்ளாயிரமாவது ஆண்டையொட்டி, 1986-இல், பத்து லட்சம் பேர் பங்கெடுத்த ஒரு புதிய டோம்ஸ்டேயை பி.பி.சி. லேசர் தகடுகளில் வெளியிட்டது. பதினைந்து, பதினாறு வருஷத்தில் அதைப் படிக்கும் யந்திரங்கள் அருகிவிட்டன. தகட்டில் இருந்ததை மீட்க ஆராய்ச்சிக்குழு வேலை செய்ய வேண்டியிருந்தது. வட்டெழுத்தைப் படிக்க ஆளில்லாமல் போக எங்கள் நாட்டில் பல நூற்றாண்டுகள் ஆயிற்று. இங்கே அரை ஆயுசுகூட ஆகவில்லை.

ஆகவே கம்ப்யூட்டரும் பிரதி எடுப்பதை நம்பித்தான் வாழ்கிறது. சதா பிரதி எடுத்துக்கொண்டேயிருந்தால்தான் அதில் எதுவும் இருக்கும். வித்தியாசம், பிரதி எடுப்பவன் யார் என்பதில். ஏடெழுதியவன் எழுத்தெழுத்தாகப் படித்தான். இன்று பிரதி எடுப்பது யாரும் படிக்காமலே நடக்கிறது. எங்கோ ஒரு கம்பெனி, கட்டும் வரைக்கும், லாபம் வரும் வரைக்கும், எடுக்கிறது. நிற்பாட்டினால் அறிவிப்பு ஒன்று வரும், முப்பது நாள் கெடுவோடு. பாப்பிரஸ் ஏற்றுமதியைத் தடுத்த மன்னனைப் பற்றிய கதை பழைய கதை என்று சொல்ல முடியாது.

இதற்கு நான் சொல்லும் பரிகாரம் பெரிதாக ஒன்றுமில்லை. எங்கள் மாவட்டத்து வீடுகளில் இன்னும் மச்சில், பெட்டியில், பரணில் ஓலைகள் இருக்கின்றன. 1956 நவம்பர் 1-இல் நாங்கள் தமிழ்நாட்டோடு சேர்ந்தோம். எங்கள் பழைய அரசாங்க ஓலைகளில் பெரும்பகுதி திருவனந்தபுரத்தில் தங்கிவிட்டது. வீட்டில் இருப்பதையாவது அவரவர் எடுத்துப் பார்க்க வேண்டும். படம் எடுத்தால் மட்டும் போதாது. படிக்கத் தெரிந்தவர்கள் உயிரோடு இருக்கும்போதே அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து வரி வரியாக எழுதிக்கொள்ள வேண்டும். எழுதியதை அச்சிட்டு மூன்று வேறு ஊர்களில் வைக்க வேண்டும். பாட்டனாரின் தானத்தைச் சொல்லும் ஓலையை எழுதுகிற அதே கையால், அவர் ஆள் வாங்கிய ஓலையையும் எழுத வேண்டும்.

எழுதி வைப்பதும் எல்லோருக்கும் காட்டுவதும் ஒன்றல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். விற்கப்பட்டவனின் பெயரை விலையோடு சேர்த்து அச்சில் போடலாமா, விலையை மட்டும் போட்டுப் பெயரை விடுவதா, அல்லது பெயரைப் போட்டு விலையை விடுவதா? முதலாவது மறுபடியும் அவனைச் சந்தையில் நிறுத்துகிறது. இரண்டாவது மறுபடியும் அவன் பெயரைப் பறிக்கிறது. மூன்றாவது குற்றத்தை மறைக்கிறது. இதைத் தீர்மானிக்கும் உரிமை ஓலை வைத்திருக்கிறவனுக்கு இல்லை. பிரதி எடுப்பவனுக்கும் இல்லை. என்னைப்போல இதைப் பற்றிக் கட்டுரை எழுதுகிறவனுக்கு நிச்சயமாக இல்லை. அவன் வம்சத்தார் நம்மிடம் வந்து கேட்கும்போது, ஓலை பொடிந்துவிட்டது என்று சொல்லாமல் எடுத்துக் கொடுக்கும் நிலையில் நாம் இருக்க வேண்டும். அதுவரை நம் வேலை பிரதி எடுப்பது.